வெறுங்கையோடு பூங்காவுக்குப் போவோம்

பினாங்குத் தமிழர்களுக்குத் தண்ணீர்மலைக்கு வழி சொல்லத் தேவையில்லை. தைப்பூசக் காலத்தில் இரதம் எந்தச் சாலையில் திரும்பும், எங்கே நின்று அருச்சனை ஏற்கும், எந்தத் தண்ணீர்ப்பந்தலில் மோர் கிடைக்கும் என்பதெல்லாம் சிறு பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். மலைமேல் வீற்றிருக்கும் பாலதண்டாயுதபாணியைக் காண 513 படிகள் ஏற வேண்டும் என்று கணக்குச் சொல்பவர்களும் நம்மிடையே உண்டு. ஆனால், அந்தக் கோவிலைக் கடந்து அதே சாலையில் இன்னும் சற்றுத் தூரம் போனால் என்ன இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். “பூங்கா இருக்கிறது, குரங்குகள் இருக்கும்” என்ற ஒரே பதில்தான் வரும். அந்தப் பதில் தவறன்று. ஆயினும், அது மிகவும் குறைவான பதில்.

கடந்த ஆண்டிறுதி விடுமுறையில் என் அண்ணன் பிள்ளைகள் இருவரை அந்தப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றேன். மூத்தவள் இரண்டாம் படிவ மாணவி; இளையவன் தொடக்கப்பள்ளியில் ஐந்தாம் ஆண்டு பயில்கிறான். காலை ஏழரை மணிக்கு நுழைவாயிலில் இறங்கினோம். பத்து நிமிடம் நடந்திருப்போம். இளையவன் சலித்துக்கொண்டான்.

“என்ன அத்தை, ஒன்றையுமே காணோமே! விலங்குகளைப் பார்க்கலாம் என்று சொன்னீர்களே?”

அவன் கேட்டதில் குற்றமில்லை. திறன்பேசித் திரையை விரலால் தள்ளினால் புலி பாய்கிறது. மறுபடியும் தள்ளினால் சுறா வாயைத் திறக்கிறது. விலங்குக்காட்சி சாலைக்குப் போனால் கூண்டின்மேல் பெயர்ப்பலகை இருக்கிறது. கூண்டுக்குள் விலங்கு இருக்கிறது. கேட்ட உடனே கிடைப்பதற்குப் பழகிய கண்களுக்கு, கேட்டும் கிடைக்காத காடு ஏமாற்றமாகத்தான் தெரியும். அந்த ஏமாற்றத்தை எப்படிப் போக்குவது? பெரும்பாலோர் கண்டுபிடித்த எளிய வழி, கையில் தின்பண்டம் கொண்டுபோவது. தின்பண்டத்தைக் காட்டினால் குரங்கு வரும். குரங்கு வந்தால் பிள்ளைகள் சிரிப்பார்கள். படம் எடுத்துக்கொண்டு வீடு திரும்பலாம்.

என் கருத்து இதற்கு நேர்மாறானது. பூங்காவுக்கு நாம் வெறுங்கையோடு போக வேண்டும். ஒன்றையும் காணாமல் வெறுங்கையோடு திரும்பி வரவும் மனம் ஒப்ப வேண்டும். அப்படிப் போகிறவர்களுக்குத்தான் அந்தப் பூங்கா எதையாவது காட்டுகிறது. அப்படிப் போனால்தான் அங்கு வாழும் உயிர்களுக்கும் தீங்கு நேராது.

முதலில், எப்போது போவது என்பதைச் சொல்லிவிடுகிறேன். நம் நாட்டில் பனி பெய்யும் குளிர்காலம் கிடையாது. எனினும், நவம்பர் முதல் மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. அது சுமந்து வரும் மழை பெரும்பாலும் கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய கிழக்குக்கரை மாநிலங்களில் கொட்டிவிடுகிறது. தீபகற்பத்தின் முதுகெலும்பாக விளங்கும் தித்திவங்சா மலைத்தொடர் குறுக்கே நிற்பதால், மேற்குக்கரையில் உள்ள பினாங்கில் திசம்பர் பிற்பகுதியிலிருந்து பிப்ரவரி வரை மழை குறைந்தே காணப்படும். விடியற்காலையில் இதமான குளிர்ச்சி இருக்கும். தமிழ் மாதங்களில் சொன்னால் மார்கழியும் தையும். கோலமிடவும் கோவிலுக்குச் செல்லவும் நம் முன்னோர் அதிகாலையில் எழுந்த மாதங்கள் இவை. நடப்பதற்கும் இவையே உகந்தவை.

இம்மாதங்களுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. வட ஆசியாவில் ஏரிகள் உறைந்து, பூச்சிகள் மறைந்துபோகும் காலம் இது. அங்குக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்த பறவைகள் உணவைத் தேடித் தெற்கே வருகின்றன. செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் நம் நாட்டுக்கு வரும் இவை, மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் மீண்டும் வடக்கே பறந்துவிடும். மின்கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான், புதரின் உச்சியில் காவலாளியைப்போல் உட்கார்ந்திருக்கும் பழுப்புக் கீச்சான், ஓடைக்கரைப் பாறையில் ஓயாமல் வாலை ஆட்டும் சாம்பல் வாலாட்டி ஆகிய யாவும் அப்படி வரும் விருந்தாளிகளே. தகைவிலானின் எடை ஏறத்தாழ 20 கிராம்தான். நம் சட்டைப்பையில் கிடக்கும் சில்லறைக் காசுகளின் எடை. அந்தச் சிற்றுயிர் கடவுச்சீட்டு இல்லாமல் பல நாடுகளைக் கடந்து நம் ஊருக்கு வந்து தங்குகிறது. நாமோ அதை ‘ஏதோ ஒரு குருவி’ என்று சொல்லிக் கடந்துபோகிறோம்.

பினாங்குத் தாவரவியல் பூங்கா நேற்று முளைத்ததன்று. 1884-ஆம் ஆண்டு, கருங்கல் உடைத்தெடுக்கப்பட்ட ஒரு பள்ளத்தாக்கில் இது உருவாக்கப்பட்டது. இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லஸ் கர்ட்டிஸ் என்ற தாவரவியல் அறிஞர் இதன் முதல் கண்காணிப்பாளராகப் பொறுப்பேற்றார். கல் வெட்டிய வடுக்கள்மேல் மண் நிரப்பி, பாதை வகுத்து, பல நாட்டு மரங்களைக் கொண்டுவந்து நட்டார்கள். மலையிலிருந்து விழும் அருவியால் ஆங்கிலேயர் இதை ‘அருவித் தோட்டம்’ என்று அழைத்தனர். நம்மவர்கள் இந்த வட்டாரம் முழுவதையும் தண்ணீர்மலை என்றே அழைத்தார்கள். ஒரே அருவியைக் கண்டு இரு மொழியினர் இரு பெயர்களைச் சூட்டியிருக்கிறார்கள். மூன்று பக்கமும் காடு சூழ்ந்த இந்தப் பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 29 எக்டர். நுழைவுக் கட்டணம் கிடையாது.

இங்கே நாகலிங்க மரங்கள் நிற்கின்றன. பீரங்கிக் குண்டைப்போன்ற காய்கள் அடிமரத்திலேயே தொங்கும். பூவைக் கையில் எடுத்து உற்றுப் பார்த்தால், நடுவில் லிங்கமும் அதன்மேல் படம் விரித்த நாகமும் இருப்பதுபோல் தோன்றும். சிவன் கோவில்களில் பார்த்துப் பழகியதால் இது நம் நாட்டு மரம் என்றே பலர் எண்ணுகிறோம். உண்மையில் இதன் தாயகம் தென்னமெரிக்கா. எங்கிருந்தோ வந்த மரத்திற்கு நம் மொழியில் அழகான ஒரு பெயரைச் சூட்டி நம்முடையதாக்கிக்கொண்டோம். கடல் கடந்து வந்து இந்த மண்ணில் வேரூன்றிய நமக்கும் அந்த மரத்திற்கும் ஏதோ ஓர் உறவு இருப்பதாக எனக்கு எப்போதும் தோன்றும்.

அன்று சலித்துக்கொண்ட சிறுவனை ஓடைக்கரையில் உள்ள ஓர் இருக்கையில் அமர வைத்தேன். “பதினைந்து நிமிடம் பேசாமல் இரு. எதையும் தேடாதே. காதில் என்ன விழுகிறது என்று மட்டும் கவனி,” என்றேன். முதல் ஐந்து நிமிடம் அவன் காலை ஆட்டிக்கொண்டிருந்தான். பிறகு சில்வண்டின் ஓசையைத் தனியாகப் பிரித்துச் சொன்னான். அதன் பிறகு மேலே இலைகள் அசையும் சத்தம் கேட்டது. காற்று வீசவில்லை, ஆனால், ஒரு கிளை மட்டும் ஆடியது.

அங்கே ஒரு கரிய மலையணில் இருந்தது. உடலைவிட நீண்ட வாலைத் தொங்கவிட்டு, முன்னங்கால்களால் ஏதோ ஒரு காயைப் பிடித்துக் கடித்துக்கொண்டிருந்தது. “அணில் இவ்வளவு பெரியதா?” என்று அவன் கிசுகிசுத்தான். அந்தக் கிசுகிசுப்பைத்தான் நான் எதிர்பார்த்திருந்தேன். சத்தம் போட்டால் அது ஓடிவிடும் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனாகவே குரலைத் தாழ்த்திக்கொண்டான். ‘பதறாத காரியம் சிதறாது’ என்னும் பழமொழியை வகுப்பறையில் பலமுறை விளக்கியிருக்கிறோம். அன்று ஓர் அணில் அதை ஒரே நொடியில் விளக்கிவிட்டது.

அரைமணி நேரம் கழித்து அக்காள் தன் பங்குக்கு ஒன்றைக் கண்டாள். உயரமான மரத்தில் சாம்பல்நிறக் குரங்குகள் சில அமைதியாக இலை தின்றுகொண்டிருந்தன. கண்களைச் சுற்றி வெள்ளை வளையம். மூக்குக்கண்ணாடி அணிந்த பெரியவர்களைப்போல் அவை எங்களைக் குனிந்து பார்த்தன. ஒரு தாயின் வயிற்றில் மஞ்சள் ஆரஞ்சு நிறத்தில் ஒரு குட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. “இது வேறு குரங்கின் குட்டியா, அத்தை?” என்று அவள் கேட்டாள். இல்லை, அதே இனத்தின் குட்டிதான். பிறக்கும்போது பளிச்சென்று இருக்கும் நிறம், சில மாதங்களில் தாயின் சாம்பல் நிறத்திற்கு மாறிவிடும். மலாய்மொழியில் லோத்தோங் செங்கோங் என்று அழைக்கப்படும் இலையுண்ணிக் குரங்கு இது.

இங்கு வாழும் இரண்டு வகைக் குரங்குகளையும் வேறுபடுத்தி அறிவது மிகவும் தேவை. பாதையோரம் வந்து நம் பையை நோட்டமிடுபவை நீண்ட வால் குரங்குகள், மலாய்மொழியில் ‘கெரா’. அவை பழம், தளிர், பூச்சி, நண்டு என்று பலவற்றையும் உண்ணும். இலையுண்ணிக் குரங்கோ மரத்தைவிட்டு எளிதில் இறங்காது. அதன் வயிறு பல அறைகளைக் கொண்டது. அங்கே வாழும் நுண்ணுயிர்கள் இலைகளை நொதிக்கச் செய்து செரிக்க உதவுகின்றன. இனிப்பும் மாவும் கலந்த நம் தின்பண்டம் அந்த வயிற்றுக்குள் சென்றால், அங்குள்ள சமநிலை குலைந்துவிடும். அன்போடு நீட்டப்படும் ஒரு ரொட்டித்துண்டு அதற்கு உணவாகாது; நோயாகத்தான் முடியும்.

இந்த இடத்தில் ஒரு தவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும். என் சிறுவயதில் நாங்கள் இந்தப் பூங்காவுக்கு வரும்போதெல்லாம் கச்சான் பொட்டலம் வாங்கிக்கொண்டுதான் வருவோம். ஒவ்வொரு கச்சானாக வீசி எறிந்து, குரங்குகள் ஓடிவந்து பொறுக்குவதைக் கண்டு கைதட்டி மகிழ்வோம். ஒருநாள் கச்சான் தீர்ந்துவிட்டது. பெரிய ஆண்குரங்கு ஒன்று என் தங்கையின் பாவாடையைப் பிடித்து இழுத்தது. அவள் அலறினாள். அப்பா குடையால் அதை விரட்டினார். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்தக் குரங்கைத் திட்டிக்கொண்டே வந்தோம். பாவாடையை இழுக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் நாங்கள்தாம் என்பதை எங்களில் ஒருவர்கூட எண்ணிப் பார்க்கவில்லை.

குரங்குக்கு உணவளிப்பதால் நேரும் தீங்கு இதுதான். காட்டில் நாள் முழுவதும் அலைந்து திரிந்து உணவு தேடும் உயிர், பாதையோரத்தில் காத்திருந்தாலே வயிறு நிரம்பும் என்று கற்றுக்கொள்கிறது. நெகிழிப்பையைக் கண்டால் அதில் உணவு இருக்கிறது என்று முடிவு செய்கிறது. கொடுக்காதவரிடம் பறிக்கிறது. சாலையைக் கடந்து அடுக்குமாடி வீட்டுக்குள் நுழைகிறது. பிறகு குடியிருப்பாளர்கள் புகார் கொடுக்கிறார்கள். புகார்கள் பெருகினால் பொறி வைத்துப் பிடிப்பதும் கொல்வதும் தொடர்கின்றன. கச்சான் எறிந்தவர் வீட்டில் நிம்மதியாக இருக்கிறார். அதற்கான விலையைக் கொடுப்பது குரங்குதான்.

இது வெறும் குரங்குத்தொல்லைபற்றிய பேச்சன்று. நாம் ‘எங்கும் நிறைந்திருக்கிறதே’ என்று நினைக்கும் நீண்ட வால் குரங்கை, பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2022-ஆம் ஆண்டு அழியும் ஆபத்தில் உள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள இலையுண்ணிக் குரங்கும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. நம் வீட்டுக்கு அருகில் பல இருப்பதால், உலகில் ஏராளமாக இருக்கின்றன என்று முடிவுகட்ட முடியாது.

இதற்கு எதிராக இரண்டு கருத்துகள் சொல்லப்படுவதுண்டு. அவற்றை ஒதுக்கிவிடாமல் ஆராய்ந்து பார்ப்போம்.

முதல் கருத்து நம் பண்பாட்டோடு தொடர்புடையது. “பசித்த உயிருக்கு உணவு கொடுப்பது புண்ணியம் இல்லையா? குரங்கு ஆஞ்சநேயரின் அம்சமாயிற்றே. வாழைப்பழம் கொடுத்தால் என்ன குற்றம்?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் நல்ல மனம் இருக்கிறது. அதை நான் மதிக்கிறேன். தைப்பூச நாளில் இதே சாலையில் ஆயிரக்கணக்கானோருக்கு அன்னதானம் நடைபெறுகிறது. அது நம் சமூகத்தின் பெருமை. ஆனால், அன்னதானத்தின் அடிப்படையே எதிரில் இருப்பவரின் தேவையை அறிந்து கொடுப்பதுதான். நோயாளிக்குக் கஞ்சியும் குழந்தைக்குப் பாலும் கொடுக்கிறோமே தவிர, எல்லார்க்கும் ஒன்றையே கொடுப்பதில்லை. காட்டில் வாழும் உயிருக்கு வேண்டியது காடு. அதன் பசியைப் போக்கும் அட்சயபாத்திரம் அதன் தலைக்குமேல் இலையாகவும் பழமாகவும் இருக்கிறது. அந்தப் பாத்திரத்தைக் காப்பதே உண்மையான அறம்.

இதற்கு நம் முன்னோர் வாழ்க்கையிலேயே சான்று உண்டு. தமிழ்நாட்டின் வேடந்தாங்கல் ஏரிக்கு ஆண்டுதோறும் பல்லாயிரம் நீர்ப்பறவைகள் வருகின்றன. அவ்வூர் மக்கள் அவற்றுக்குத் தீனி போடுவதில்லை. துன்பம் தராமல் இருக்கிறார்கள். பறவைகளை வேட்டையாடக் கூடாது என்று 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஆங்கிலேய அதிகாரிகளிடம் வாதாடி உரிமை பெற்ற ஊர் அது. பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்களின் வயலுக்கு உரமாகிறது. சிவகங்கை மாவட்டத்திலுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்களோ, பறவைகள் மிரளும் என்பதற்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதையே விட்டுவிட்டார்கள். எதையும் கொடுக்காமலேயே அன்பு செலுத்த முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுமா?

இரண்டாவது கருத்து மாணவர்களுடையது, பெற்றோர்களுடையதுங்கூட. “இப்படி நடந்து திரிவதால் என்ன பயன்? தேர்வில் இது வருமா?” என்று கேட்கிறார்கள். பாடத்திட்டப் பணியில் இருப்பவள் என்பதால் இக்கேள்வியை நான் அடிக்கடி எதிர்கொள்கிறேன். நேரடியாகச் சொன்னால், அணிலைப் பார்த்ததற்காக எந்தத் தேர்வும் புள்ளி கொடுக்காது. ஆனால், பார்த்ததைச் சொல்லத் தெரிய வேண்டுமே! அன்று அக்காளும் தம்பியும் பார்த்தவற்றைப் பட்டியலிட முயன்றார்கள். ‘பறவை’, ‘குருவி’ என்ற இரு சொற்களோடு பட்டியல் நின்றுவிட்டது. அவர்கள் கண்ட பறவைகளோ வேறு வேறு. வாலின் நுனியில் இரு துடுப்புகளை இழுத்துக்கொண்டு பறந்தது துடுப்புவால் கரிச்சான். ஓடைமேல் நீலக்கோடு கிழித்துச் சென்றது வெண்மார்பு மீன்கொத்தி. மலாய்மொழியில் முராய் என அவர்கள் அறிந்திருந்த இனிய பாடகனுக்குத் தமிழில் குண்டுகரிச்சான் என்று பெயர். பெயர் தெரியாதவரை அவை யாவும் ஒரே கூட்டம். பெயர் தெரிந்ததும் ஒவ்வொன்றும் தனி உயிர். பயன்படுத்த ஆளில்லாமல் அகராதிக்குள் உறங்கும் இந்தச் சொற்களை எழுப்பும் வேலை நம்முடையது. அதைப் பூங்காவில்தான் செய்ய முடியும்.

கவனித்துப் பார்ப்பதற்கு வேறொரு பயனும் உண்டு. வட அமெரிக்காவில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் நாளன்று இரு அணிகளாகப் பிரிந்து பறவைகளைச் சுடும் போட்டி நடத்துவார்கள். அதிகம் சுட்ட அணிக்கு வெற்றி. 1900-ஆம் ஆண்டு பிராங்க் சாப்மேன் என்ற பறவையியல் அறிஞர், “சுடுவதற்குப் பதிலாக எண்ணுவோம்” என்று ஒரு மாற்றுவழியை முன்வைத்தார். அந்த ஆண்டு 27 பேர் மட்டுமே அதில் கலந்துகொண்டனர். இன்று பல்லாயிரம் பேர் ஆண்டுதோறும் பங்கேற்கிறார்கள். அவர்கள் நூறாண்டுக்கு மேலாகச் சேர்த்த கணக்கு, எந்தப் பறவை குறைகிறது, எது இடம் மாறுகிறது என்பதை அறிவியலாளர்களுக்குக் காட்டுகிறது. தமிழ்நாட்டிலும் பொங்கல் விடுமுறையில் பறவைக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது. மாணவர்களும் ஆசிரியர்களும் ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, கண்ட பறவைகளைக் குறித்து இணையத்தில் பதிவேற்றுகிறார்கள். அதே 15 நிமிடத்தைத்தான் நான் அன்று அச்சிறுவனிடம் கேட்டேன்.

நம் பினாங்கிலும் பார்த்துப் பழகிய கண்கள் பெரிய செயலைச் செய்திருக்கின்றன. தெலுக் பகாங்கில் கடற்கரையோரச் சாலை ஒன்று காட்டை இரண்டாகப் பிரிக்கிறது. அச்சாலையைக் கடக்கும்போது இலையுண்ணிக் குரங்குகள் வாகனங்களில் அடிபட்டன. அவற்றை நாள்தோறும் பின்தொடர்ந்து கவனித்த ‘லங்கூர் புரோஜெக்ட் பினாங்கு’ என்ற ஆய்வுக்குழுவினர், அவை எங்கே கடக்கின்றன என்பதைக் குறித்துவைத்தார்கள். 2019-ஆம் ஆண்டு, பயன்படுத்தி முடித்த தீயணைப்புக் குழாய்களைக் கொண்டு சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் ஒரு பாலம் கட்டப்பட்டது. குரங்குகள் இப்போது வாகனங்களுக்கு மேலே நடந்து செல்கின்றன. ஒரு பொட்டலம் கச்சானால் ஆகாதது, ஒரு குறிப்பேட்டால் ஆகியிருக்கிறது.

2021-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் யுனெஸ்கோ நிறுவனம் பினாங்கு மலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தாசேக் சினி, குரோக்கர் மலைத்தொடர் ஆகியவற்றை அடுத்து நம் நாட்டுக்குக் கிடைத்த மூன்றாவது காப்பகம் இது. 12,481 எக்டர் பரப்புள்ள இக்காப்பகத்துக்குள் நம் தாவரவியல் பூங்காவும் அடங்கும். உலகம் மதிக்கும் ஓரிடம் நம் தைப்பூசச் சாலையின் முனையில் இருக்கிறது. அறிவிப்பு வந்துவிட்டதால் மட்டும் காடு காக்கப்படாது. அதற்குள் நுழையும் ஒவ்வொருவரும் எப்படி நடந்துகொள்கிறோம் என்பதைப் பொறுத்தே அதன் வாழ்வு அமையும்.

ஆகவே, மாணவர்களே, அடுத்த விடுமுறையில் ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். பெரியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். மூடிய காலணி, ஒரு புட்டித் தண்ணீர், சிறிய குறிப்பேடு, ஒரு பென்சில் ஆகியவை போதும். காலை உணவை வீட்டிலேயே முடித்துக்கொள்ளுங்கள். நெகிழிப்பையைக் கையில் தொங்கவிடாதீர்கள். குரங்கு நெருங்கி வந்தால் அதன் கண்களை உற்றுப் பார்க்காதீர்கள். பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள். நமக்கு அது புன்னகை. குரங்குக்கு அது மிரட்டல். ஓடாமல் மெல்ல விலகுங்கள். பிறகு ஓரிடத்தில் அமர்ந்து காத்திருங்கள். கண்டவற்றைத் தமிழில் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால் நிறம், வால், அலகு, குரல் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு வந்து பின்னர்த் தேடுங்கள்.

பினாங்கில் இல்லாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. தைப்பிங் ஏரிப் பூங்காவும் உங்கள் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டத்து ஓடையும் பள்ளித் திடலின் ஓரத்தில் நிற்கும் மழைமரமும் இதே பாடத்தைக் கற்பிக்கும். பெரிய விலங்கு வேண்டும் என்பதில்லை. பொறுமையான கண் இருந்தால் போதும்.

அன்று பூங்காவைவிட்டு வெளியேறும் வேளையில் வாகன நிறுத்துமிடத்தின் அருகே ஒரு குடும்பம் நின்றிருந்தது. சிறுமி ஒருத்தியின் கையில் ரொட்டிப் பொட்டலம். நான்கைந்து நீண்ட வால் குரங்குகள் அவளைச் சூழ்ந்திருந்தன. நான் வாயைத் திறப்பதற்குள், காலையில் சலித்துக்கொண்ட அந்தச் சிறுவன் முன்னால் சென்றான். “தங்கச்சி, அதற்கு இதைக் கொடுக்காதே. அதற்குக் காட்டில் சாப்பாடு இருக்கிறது. அங்கே உட்கார்ந்து பார், பெரிய கறுப்பு அணில் வரும்,” என்றான். அச்சிறுமியின் தந்தை சற்றுத் திகைத்தார். பிறகு பொட்டலத்தை வாங்கி வாகனத்துக்குள் வைத்துவிட்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடைக்கரைப் பக்கம் நடந்தார்.

அவர்கள் அந்த அணிலைப் பார்த்தார்களா என்று எனக்குத் தெரியாது. பார்க்காமலும் திரும்பியிருக்கலாம். ஆனால், அந்தச் சிறுமி வெறுங்கையோடு காட்டை நோக்கி நடந்தாள். நம் பிள்ளைகள் ஒவ்வொருவரும் அவ்வாறு நடக்கக் கற்றுக்கொண்டால், தண்ணீர்மலையில் குரங்கும் அணிலும் கரிச்சானும் இன்னும் பல தலைமுறைகள் நமக்கு அண்டை வீட்டாராக இருக்கும். அதைவிட நாம் அவற்றுக்குக் கொடுக்கக்கூடிய பெரிய உணவு வேறு எதுவும் இல்லை.